அஞ்சே முக்கால் வண்டி

கண்ணு, இந்தக் காகிதத்தை உன் பெட்டியில் சேலைக்கும் பருப்புப்பொடி டப்பாவுக்கும் நடுவில் வைக்கிறேன். ஓரத்தில் எண்ணெய் பட்டிருந்தால் பொறுத்துக்கொண்டு படி. நேரிலேயே சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் உங்கப்பா வந்து, ரயிலில் பெட்டிக்குச் சங்கிலி போட்டுப் பூட்டுவது எப்படி என்று பாடம் எடுக்க ஆரம்பித்துவிடுகிறார். மகள் மெட்ராசுக்குப் போகிறாள், அதுவும் பேரை மாற்றிச் சென்னையான மெட்ராசுக்கு, என்பதில் மனிதருக்கு உள்ளூர உதறல். அதை மறைக்கத்தான் இத்தனை சங்கிலியும் பூட்டும். உன் வேலை என்ன என்று கேட்கிறவர்களிடம் ஆளுக்கு ஒன்றாகச் சொல்லி வைத்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரரிடம் கம்ப்யூட்டர் கம்பெனி. கோயில் தர்மகர்த்தாவிடம் தர்ம ஸ்தாபனம். பட்டறை மேஸ்திரியிடம் 'கவர்மெண்ட் மாதிரிங்க'. நான் ஒரே பதில்தான் வைத்திருக்கிறேன்: என் மகள் கல்யாணத் தரகர் ஆகப்போகிறாள்.

சிரிக்காதே. நீ சொன்னதிலிருந்து எனக்குப் புரிந்தது அதுதான். ஒரு பக்கம் கொடுக்க மனசுள்ள கம்பெனி, இன்னொரு பக்கம் ஒன்றுமில்லாத பள்ளிக்கூடம், நடுவில் உங்களை மாதிரி ஒரு தொண்டு நிறுவனம். மூன்றையும் சேர்த்துவைத்து, பிள்ளைகள் படிக்கவும், கம்ப்யூட்டரைத் தொட்டுப் பார்க்கவும், பத்திரமாக வீடு போய்ச் சேரவும் வழி பண்ணுவது. நல்ல வேலை, மனசாரச் சொல்கிறேன். ஆனால் சம்பந்தம் பேசுகிற இடத்தில் எல்லாரும் நல்லவர்களாக இருப்பதாலேயே காரியம் கெட்டுப்போவது உண்டு. நம் பக்கத்தில் அது கொஞ்சம் அதிகம். நீ திருச்சியில் ஹாஸ்டலில் இருந்தபோது இங்கே நடந்த ஒரு கதை உனக்குப் பாதிதான் தெரியும். முழுசும் இப்போது கேள்.

நம் பஸ் வண்டி போகிற காரமடைப் பக்கத்து ரோட்டில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற அந்த அரசுப் பள்ளி உனக்கு ஞாபகம் இருக்கும். ஸ்டெல்லா டீச்சர் அங்கே தலைமையாசிரியையாக வந்த வருஷம், கோயமுத்தூரில் மில்காரர் குடும்பத்து சரோஜா அம்மா நடத்துகிற டிரஸ்ட் அந்தப் பள்ளிக்குக் கம்ப்யூட்டர் கொடுக்க முன்வந்தது. ஒரு மோட்டார் பம்ப் கம்பெனி கரண்ட் போனாலும் ஓட யூ.பி.எஸ். கொடுத்தது. காரமடையில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த பெண் சாயங்காலம் வந்து சொல்லிக்கொடுக்க ஒத்துக்கொண்டாள். பகலில் வழக்கமான பாடம் இருப்பதால் இந்த வகுப்பு பள்ளி விட்ட பிறகுதான். இது வரைக்கும் எல்லாம் சரி. பையன்கள் சைக்கிளை மிதித்துப் போய்விடுவார்கள். பெண் பிள்ளைகள்?

பள்ளி விட்டதும் உள்ளே வருகிற நம் முதல் வண்டி போய்விட்டால், அப்புறம் ராத்திரி வரைக்கும் உள்ளே பஸ் கிடையாது. மெயின் ரோடு வரை நடக்க வேண்டும். முக்கில் பிராந்திக் கடை. மில் ஷிப்ட் முடிகிற நேரத்தில் அங்கே நிற்கிற கூட்டத்தைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் ஒன்பதாம் வகுப்பில் ஒன்பது பெண்கள் பேர் கொடுத்துவிட்டு, வீட்டில் விடமாட்டார்கள் என்று உட்கார்ந்திருந்தார்கள். சரோஜா அம்மா சும்மா இருக்கிற ஆளில்லை. அஞ்சே முக்கால் வாக்கில் மெயின் ரோட்டில் முன்னும் பின்னுமாக இரண்டு வண்டிகள் வரும். ஒன்று நம் இரண்டாவது வண்டி, இன்னொன்று உன் கந்தசாமி பெரியப்பா வண்டி. இரண்டில் எது வேண்டுமானாலும் பள்ளி வரைக்கும் உள்ளே போய் வரலாம் என்று ஆர்.டி.ஓ. ஆபீசில் அனுமதி வாங்கிவிட்டார்.

பெரியப்பாவும் நாமும் பாகம் பிரித்ததிலிருந்து எப்படி இருந்தோம் என்று தெரியும்தானே? அந்தச் சமயம் ஏழெட்டு வருஷமாகப் பேச்சில்லை. இல்லை, பேச்சு இருந்தது. நல்லது கெட்டதில் பார்த்துக்கொண்டால் அத்தனை மரியாதையாகப் பேசிக்கொள்வோம். சண்டை போட்டிருந்தாலாவது ஒரு நாள் தீர்ந்திருக்கும். உள்ளே போகிற வண்டிக்கு ஷிப்ட் கூட்டம் கிடைக்காது, நேரே போகிற வண்டி மொத்தமாக அள்ளிக்கொள்ளும். அதனால் எங்களுக்குள் எப்படி முடியப்போகிறதோ என்று எல்லாருக்கும் பயம். சரோஜா அம்மாவுக்குப் பதற்றம் வந்தால் தெலுங்கு வந்துவிடும். அன்றைக்கு டிரஸ்ட் ஆபீசில் எங்களை உட்கார வைத்துவிட்டுத் தன் தம்பியிடம் விடாமல் தெலுங்கிலேயே பேசிக்கொண்டிருந்தார்.

பயந்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. நான்தான் முதலில் சொன்னேன். "நம்ம வண்டி உள்ள போகட்டுமுங்க மாமா. உங்களுக்கு எதுக்குங்க சிரமம்?"

"சிரமமென்ன அம்மணி? நம்ம வண்டி அந்நேரத்துக்குக் காலியாத்தான வருது. நாங்களே போயிக்கிறோம்" என்றார் பெரியப்பா. அவர் வண்டியில் அந்நேரத்துக்குப் படியில் தொங்கவே இடம் இருக்காது.

"அட, இருக்கட்டுமுங்க. புள்ளைங்க காரியம். நாங்க பாத்துக்கிறோமுங்க."

"புள்ளைங்க காரியமுன்னுதான் நானும் சொல்றேன் அம்மணி."

இப்படியே தட்டில் வைத்த போண்டா ஆறுகிற வரைக்கும், தர்மம் யாருக்கு என்று இழுத்துக்கொண்டிருந்தோம். சரோஜா அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "ரெண்டு பேருக்கும் பெரிய மனசுங்க. அப்ப நீங்களே பேசிப் பாத்துக்குங்க" என்றார். "பாத்துக்கலாமுங்க" என்றேன் நான். "பாத்துக்கலாமுங்க" என்றார் அவர். எல்லாரும் கும்பிட்டு எழுந்தோம். ஸ்டெல்லா டீச்சர் ஏதோ கேட்க வந்த மாதிரி இருந்தது. பள்ளிக்கு இத்தனை செய்கிறவர்களிடம் குறுக்குக் கேள்வி கேட்டால் நன்றாக இருக்காது என்று அவரும் விட்டுவிட்டார். எந்த வண்டி என்று அந்த அறையில் இருந்த ஒருவர்கூடக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் உங்கப்பாவிடம் சொன்னேன், பெரியப்பா அத்தனை ஆசையாகக் கேட்டார், நாம் முந்திக்கொண்டு உள்ளே போனால் புண்ணியத்தைப் பறித்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும், அவரே போகட்டும் என்று. டிரைவர் பழனியிடம் நேரே வரச் சொல்லிவிட்டேன். "ஒரு போன் பண்ணிக் கேட்டுப்போடேன்" என்றார் உங்கப்பா, வண்டிக்கு அடியில் படுத்தபடி. நல்ல யோசனைதான். ஆனால் 'நீங்க போறீங்களாங்க' என்று கேட்டால், சொன்ன சொல்லை நம்பவில்லை என்று ஆகாதா? கேட்கவில்லை. பெரியப்பா வீட்டிலும் அதே கதைதான் என்று பிறகு தெரிந்தது. 'அந்தம்மணி வாய் விட்டுக் கேட்டுது, நாம விட்டுக்கொடுக்கோணும்' என்று அவரும் தன் டிரைவரை நேரே வரச் சொல்லியிருக்கிறார். வகுப்பு தொடங்கிய அன்றைக்கு இரண்டு வண்டிகளும் அந்த முக்கை ஒன்றன்பின் ஒன்றாகத் தாண்டிப் போயின.

பள்ளி கேட்டில் ஒன்பது பிள்ளைகளும் ஸ்டெல்லா டீச்சரும் நின்றிருக்கிறார்கள். நன்றாக இருட்டிய பிறகு டீச்சரே எல்லாரையும் கைகோக்கச் சொல்லி, முன்னால் டார்ச் அடித்துக்கொண்டு மெயின் ரோட்டுக்கு நடத்திக்கொண்டு வந்திருக்கிறார். பிராந்திக் கடை முன்னால் நாலு பேர் வாய்க்கு வந்ததைப் பேசியிருக்கிறார்கள். ஒருவன் கொஞ்ச தூரம் பின்னாலேயே வந்திருக்கிறான். அதற்கு மேல் ஒன்றுமில்லை, கடவுள் புண்ணியம். பிள்ளைகள் வீடு சேர எட்டு மணி ஆகிவிட்டது.

மறுநாள் காலையில் கோமதி என்கிற பெண்ணின் அப்பா ரங்கசாமி பள்ளிக்கு வந்தார். வாழைத்தோட்டத்தில் வேலை செய்கிறவர். அதிர்ந்து பேசமாட்டார். "டீச்சருங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க நல்லதுதான் செய்யறீங்க. புள்ளைய நிறுத்திக்கிறேனுங்க. மில்லுல சொல்லி வெச்சிருக்குதுங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். அவர் நிறுத்தினது சாயங்கால வகுப்பை மட்டுமல்ல, பள்ளிக்கூடத்தையே. கோபப்பட்டிருந்தால் பதில் பேசலாம். கும்பிட்டவரிடம் என்ன பேசுவது? மற்ற எட்டு வீட்டிலும் அவர் என்ன செய்கிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஸ்டெல்லா டீச்சர் நம் ஷெட்டுக்கு வந்தார். அப்போதும் நேரே கேட்கவில்லை. "நேத்து வண்டிக்கு ஏதாச்சும் ரிப்பேருங்களா?" என்றார். எனக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. விளங்கினதும் நடந்ததையெல்லாம் கேட்டு வாங்கினேன். அந்தப் பிள்ளை மில்லுக்குப் போகப்போகிறது, காரணம் நாங்கள் இரண்டு பேரும் மரியாதை பார்த்தது. அப்படியே டீச்சரைக் கூட்டிக்கொண்டு பெரியப்பா வீட்டுக்குப் போனேன். பாகம் பிரித்த பிறகு அந்த வாசல்படியை நான் மிதிப்பது அதுதான் முதல் தடவை.

"வா அம்மணி" என்று எழுந்தார். உட்காரவில்லை நான். "ஏனுங்க மாமா, நேத்து உங்க வண்டி ஏனுங்க உள்ள போகலை?"

"நீதான போறேன்னு சொன்னே?"

"நீங்களும்தானுங்க சொன்னீங்க."

"நீ அத்தனை கேட்டியேன்னு விட்டுக்கொடுத்தேன்."

"நானும் அதையேதானுங்க செஞ்சுபோட்டேன்."

உள்ளேயிருந்து மோர் கொண்டுவந்த பெரியம்மா, டம்ளரை வைக்காமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நல்லா வெளங்குச்சு போங்க. ரெண்டு பேரும் தர்மம் பண்ணி ஒரு புள்ள படிப்பக் கெடுத்துப்போட்டீங்க" என்றார். நம் குடும்பத்தில் பல வருஷத்துக்கு அப்புறம் ஒருவர் ஒருவரைத் திட்டினது அன்றைக்குத்தான். எனக்கு அவமானமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. மோரைக் குடித்துவிட்டு நானும் பெரியப்பாவும் டீச்சரும் ரங்கசாமி வீட்டுக்குக் கிளம்பினோம்.

அவர் கட்டிலைத் தட்டி எங்களை உட்கார வைத்தார். தான் உட்காரவில்லை. இனிமேல் வண்டி கட்டாயம் வரும், பிள்ளையை அனுப்புங்கள் என்று பெரியப்பா சொன்னதும், "சரிங்க. பெரியவங்க ஊடு தேடி வந்து சொல்றீங்க. சரிங்க" என்றார். ஸ்டெல்லா டீச்சர் முகம் மலர்ந்தது. பெரியப்பா எழுந்தே விட்டார். நான் மட்டும் எழவில்லை. அந்தச் 'சரிங்க' எனக்குத் தெரியும், கண்ணு. முந்தின வாரம் நானே டிரஸ்ட் ஆபீசில் சொன்ன 'பாத்துக்கலாமுங்க' அதுதான். எதிரில் இருக்கிறவர் மனசு நோகாமல் எழுந்து போக வேண்டும் என்பதற்காகச் சொல்கிற சரி.

"சரின்னு சொல்லாதீங்க அண்ணா" என்றேன். "என்ன பயமோ அதைச் சொல்லுங்க. எங்க மொகத்தப் பாக்க வேண்டாம்."

அவர் பெரியப்பாவைப் பார்க்காமல் சொன்னார். "வண்டி நாளைக்கு வருமுங்க. அடுத்த வாரமும் வருமுங்க. முகூர்த்த நாள் வந்தா கல்யாணக்காரங்க வண்டியக் கேப்பாங்க, நீங்க அனுப்பிப்போடுவீங்க. முதலாளிங்க தொழில், தப்பில்லீங்க. அன்னிக்கு எம்புள்ள எங்கீங்க நிக்கும்?"

பஸ் முதலாளிகள் இரண்டு பேரும் யோசிக்காததை அவர் யோசித்திருந்தார், ஏனென்றால் நிற்கப்போவது அவர் பிள்ளை. டிரஸ்டும் பம்ப் கம்பெனியும் பள்ளிக்கூடமும் பஸ்காரர்களும் சேர்ந்து கூட்டம் போட்டோமே, அந்தக் கூட்டத்தில் ஒரு பிள்ளையைப் பெற்றவருக்குக்கூட நாற்காலி போடவில்லை. நீ சென்னையில் கூட்டம் போடும்போது, எவருக்குப் பயம் அதிகமோ அவரை முதலில் கூப்பிட்டு உட்கார வை. கொடுக்கிறவர்கள் தாமதமாக வந்தாலும் காரியம் கெடாது.

கோமதி அதுவரை கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். "உனக்கென்ன கண்ணு ஆசை?" என்று கேட்டேன். ஏதோ பெரிய படிப்பு, பெரிய உத்தியோகம் என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். "ஆமைய வட்டமா நடக்க வெக்கோணுமுங்க" என்றாள். டீச்சர்தான் விளக்கினார். கம்ப்யூட்டரில் ஒரு ஆமை இருக்கிறதாம். இத்தனை அடி போ, இந்தப் பக்கம் திரும்பு என்று எழுதினால் கோடு போட்டுக்கொண்டே நடக்குமாம். "சதுரம் வந்துருச்சுங்க. வட்டம் போடறதுக்குள்ள மணியடிச்சுட்டாங்க" என்றாள், எங்கள் மேல் குறைபட்டுக்கொள்கிற மாதிரி. ரங்கசாமிக்கு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. "ஆமைக்காக மில்லு வேலைய வேண்டாங்குதுங்க" என்றார்.

அதன் பிறகு பேச்சு ஓடியது. அவர்தான் திட்டம் போட்டார், நாங்கள் கேட்டுக்கொண்டோம். ஒன்பது வீட்டிலிருந்தும் முறை வைத்து ஒருவர் தினமும் கேட்டில் நிற்பார். அவருக்கு வண்டியில் டிக்கெட் கேட்கக்கூடாது. ஒரு வாரம் நம் வண்டி, ஒரு வாரம் பெரியப்பா வண்டி. ஒரு வண்டி கல்யாணம் காட்சிக்கு ஸ்பெஷல் போனால் மற்றது போக வேண்டும், அதை மத்தியானமே போனில் வாய் விட்டுச் சொல்ல வேண்டும். "ஒரு நா வரலைன்னாலும் அன்னியோட நிறுத்திப்போடுவேனுங்க" என்றார் கடைசியாக. மிரட்டலாகச் சொல்லவில்லை. ஆனால் இந்தத் தடவை அவர் 'சரிங்க' சொல்லவில்லை என்பதே எனக்குத் தெம்பாக இருந்தது. மறுநாளிலிருந்து நானும் பெரியப்பாவும் தினமும் போனில் பேசிக்கொண்டோம். "நான் போறேன், நீ வராதே" என்பார். "சரி, போங்க" என்று வைத்துவிடுவேன். பாகம் பிரித்த மனஸ்தாபம் எப்போது கரைந்தது என்று கேட்டால் எங்கள் இருவருக்குமே சொல்லத் தெரியாது.

கொடுத்த கம்ப்யூட்டரைப் போட்டோ எடுத்து மாட்டுவது சுலபம், கண்ணு. அது திறக்கிற நேரம், மூடுகிற நேரம், அங்கிருந்து வீடு வரைக்கும் உள்ள ரோடு, இதெல்லாம் போட்டோவில் வராது. உன் ஆபீசில் அதைத்தான் நீ கேட்க வேண்டும். கேட்டால் சிலர் முகம் சுளிப்பார்கள். கேட்டுவிடு. உன் அம்மா கேட்காமல் விட்டு ஒரு பிள்ளையின் பள்ளிக்கூடமே போக இருந்தது. அப்புறம் இன்னொன்று. போகிற இடத்திலெல்லாம் உன்னைக் கும்பிட்டு நன்றி சொல்வார்கள். சந்தோஷமாக வாங்கிக்கொள், ஆனால் அதை வைத்து வேலை முடிந்தது என்று எழுதிவிடாதே.

உன் செந்தில் அண்ணன் கல்யாணத்துக்கு நீ திருச்சியிலிருந்து வந்திருந்தாய். பெண் வீட்டாரைப் பவானியிலிருந்து கூட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் போன அந்தச் சாயங்காலம் நினைவிருக்கிறதா? பெரியப்பா மகன் கல்யாணம் என்றால் இரண்டு வண்டியும் நம் கல்யாணத்துக்குத்தான். நம் வண்டியில் சமையல் சாமானும் ஆட்களும் முன்னாலேயே போய்விட்டன. உறவுக்காரர்களோடு பெரியப்பா வண்டி பின்னால் வந்தது. வண்டி வாசலில் இரண்டு பக்கமும் வாழைக்குலை கட்டி, உள்ளே மேளக்காரர்கள் வேறு. மத்தியானம் வழக்கமான போன் இல்லை. கல்யாண வேலையில் நான் மறந்துபோனேன். அவரும் மறந்திருப்பார் என்றுதான் நினைத்தேன். முக்கு நெருங்க நெருங்கத்தான் எனக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்குப் பள்ளி உண்டு, வகுப்பும் உண்டு. சம்பந்தி வீட்டாரை வைத்துக்கொண்டு மாப்பிள்ளையின் அப்பாவிடம் இதை எப்படிச் சொல்வது? சொல்லத்தான் வேண்டும் என்று எழுந்தேன். அதற்குள் முன்சீட்டிலிருந்து பெரியப்பா எழுந்து டிரைவர் தோளைத் தட்டினார்.

"உள்ள திருப்பு."

வாழைக்குலை மரக்கிளைகளில் உரச வண்டி அந்தச் சின்ன ரோட்டில் இறங்கியது. நீகூட, "எதுக்கும்மா இந்தச் சந்துக்குள்ள போறோம், பூவெல்லாம் வாடுது" என்று சிணுங்கினாய். பெண்ணின் அப்பா பதறிப்போய், "ஏனுங்க சம்பந்தி, வழி மாறிப்போச்சுங்களா?" என்று கேட்டார். "இல்லீங்க, இன்னும் ஒம்பது பொண்ணுங்களைக் கூப்புடோணும்" என்றார் பெரியப்பா, நிதானமாக. பெண் வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

கேட்டில் பிள்ளைகள் வரிசையாக நின்றிருந்தார்கள். அன்றைக்கு முறை ரங்கசாமியுடையது. பட்டுச்சேலையும் மேளமுமாக வந்து நின்ற வண்டியை அவர் மேலும் கீழும் பார்த்தார். பெரியப்பா படியில் நின்று சிரித்தபடி, பிள்ளைகளை ஏற்றிவிடக் கையை நீட்டினார். ரங்கசாமி நன்றி சொல்லப்போகிறார் என்று நானும் நினைத்தேன், வண்டியில் இருந்த எல்லாரும் நினைத்திருப்பார்கள். அவர் கும்பிடவில்லை. கையில் கட்டியிருந்த வாட்ச்சைப் பார்த்தார்.

"அஞ்சு நிமிசம் லேட்டுங்க" என்றார்.

கல்யாண வீட்டு முதலாளியை, சம்பந்திகள் முன்னால், வாழைத்தோட்டத்தில் வேலை செய்கிறவர் கேட்டுவிட்டார். பெரியப்பா நீட்டின கையை இறக்கிக்கொண்டு, "ஆமாமுங்க. நாளைக்கு நேரத்துக்கு வந்துருமுங்க" என்றார்.

"வரோணுமுங்க" என்று சொல்லிவிட்டு ரங்கசாமி பிள்ளைகளை ஒவ்வொருவராக ஏற்றிவிட்டார். கோமதி உனக்குப் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. செந்திலுக்குக் கல்யாணம் ஆகிறதே என்று சித்தி அழுகிறாள் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். உனக்கு மட்டும் சொல்கிறேன் கண்ணு, என் வாழ்நாளில் நான் கேட்ட நல்ல சொல் அந்த 'வரோணுமுங்க' தான். உன் வேலையில் ஒரு நாள் யாராவது உன்னிடம் கும்பிடாமல் அப்படிக் கேட்க வேண்டும்.

உன் அம்மா